மாப்பிள்ளை வாங்கிவந்த கூலர்

நம் ஊரில் கம்ப்யூட்டருக்கும் பனியன் போட்டுவிடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் கேலி பேசுவதாகத் தோன்றலாம். திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சலில் நான் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த ஏற்றுமதி கம்பெனியில் அப்படி ஒரு பனியனை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். ஒழுங்கான கழுத்துப் பட்டி, சுருங்கி விரிகிற ரிப் வைத்த கீழ் ஓரம், உள்பக்கம் துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள் எல்லாம் இருந்தன. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே இருந்த கம்ப்யூட்டருக்குத்தான் மூச்சு விட வழியில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, "உங்க அனுபவத்தை எங்களுக்கு எழுதிக் கொடுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேபிள் இழுப்பது, சாஃப்ட்வேர் ஏற்றுவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் வீடியோ பார்த்தே செய்துவிடுகிறீர்கள். பாதியில் நின்றுபோனால் இன்னொரு வீடியோ பார்க்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கிராபிக்ஸ் கார்டின் சூட்டைத் தணிக்க கூலர் தேர்ந்தெடுத்த கதை. இரண்டு ஃபேனும் கொஞ்சம் அலுமினியத் தகடும் வாங்குவதில் என்ன கதை என்று கேட்கிறவர், இன்னும் ஒரு முதலாளியின் குடும்பத்தோடு வேலை பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு சட்டையைத் தைத்து, மடித்து, வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்கு கூரியரில் அனுப்புவோம். அவர் கழுத்து இறக்கம் சரியில்லை என்பார். மறுபடி தைத்து அனுப்புவோம். இப்போது அதே சட்டையைக் கம்ப்யூட்டரில் செய்து, ஒரு பொம்மைக்கு மாட்டி, திரையில் சுற்றவிட்டுக் காட்டுகிறோம். துணி எப்படித் தொங்கும், எங்கே மடியும் என்று நூல் நூலாகத் தெரியும். அதற்குக் கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். எங்கள் முதலாளிக்கு இதில் உள்ள லாபம் புரிந்ததா தெரியாது. பக்கத்துக் கம்பெனியில் ஒரு 3டி ரூம் வந்துவிட்டது என்பது நன்றாகப் புரிந்தது. உடனே மாடியில் எங்களுக்கும் ஒரு ரூம் வந்தது.

அந்த ரூமில் உட்கார்ந்தவள் ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் குடியிருக்கிற குடும்பம். அப்பா, பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் யூனிட்டில் ஆபரேட்டர். ஜெபா எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில், தைத்து முடித்த துணிகளில் ஓட்டையும் கறையும் பார்க்கிற வேலையில்தான் சேர்ந்தாள். வேலை முடிந்தபின் படித்துப் படித்து 3டி கற்றுக்கொண்டாள். அவள் திரையில் செய்த சட்டையைப் பார்த்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். கீழே செக்கிங்கில் இருந்தவர்களுக்கு அவள் மாடியேறியதில் கொஞ்சம் சந்தோஷமும் நிறையப் பேச்சும் இருந்தது.

கீழ்த்தளத்தில் நிட்டிங் மெஷின்கள். நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். கதவை மூடினாலும் பஞ்சுக்கு வழி தெரியும். கம்ப்யூட்டருக்குள் பஞ்சு போகிறதே என்று நான் ஒருமுறை கவலைப்பட்டதைக் கேட்டு, சாம்பிள் செக்ஷனில் அன்போடு அளவெடுத்து ஒரு பனியன் தைத்துப் போட்டுவிட்டார்கள். நான் ஒரு வாரம் லீவில் இருந்தேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் சட்டை போட்டுக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தது. நான் பனியனைக் கழற்றிவிட்டு, உள்ளே சேர்ந்த பஞ்சை எடுக்கத் தூரிகை தேடிப் போனேன். அதற்குள் மெயின்டனன்ஸ் பழனிச்சாமி அண்ணன் உதவிக்கு வந்துவிட்டார். தையல் மெஷினில் பஞ்சு ஊதுகிற ஏர் கன்னை எடுத்துவந்து, கார்டின் ஃபேனில் வைத்து அழுத்தினார். ஃபேன் தன் ஆயுளில் சுற்றாத வேகத்தில் சுற்றியது. ஒரு இறக்கை உடைந்து சுவரில் போய் விழுந்தது.

"இப்பப் பாருங்க, ஒரு தூசி இல்லைங்க" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஃபேனும் இல்லை.

இப்படித்தான் வெளியிலிருந்து ஒரு கூலர் வாங்க வேண்டிய நிலைக்கு வந்தோம். இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். கூலர் பெட்டியின் மேல் அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை மட்டும் படிப்பார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ரூமுக்குக் கீழே நிட்டிங் மெஷின் ஓடியிருக்காது. நான் தேடியது அழகில்லாத ஒன்று. தகடுகளுக்கு நடுவே பெயின்ட் பிரஷ் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் பஞ்சு அடைத்து மெத்தையாகிவிடும். பெரிய ஃபேன், மெதுவாகச் சுற்ற வேண்டும். நம் கார்டின் திருகு ஓட்டைகளோடு அது பொருந்த வேண்டும், போட்டபின் கம்ப்யூட்டர் கேபினெட்டின் கதவை மூட முடிய வேண்டும். முக்கியமாக, கார்டில் சுடுவது நடுவில் இருக்கும் பெரிய சிப், அந்தச் சில்லு மட்டும் இல்லை. சுற்றிலும் உள்ள நினைவகச் சில்லுகளும், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சின்னச் சில்லுகளும் சுடும். அவற்றுக்கும் காற்று போக வேண்டும். அப்படி ஒன்றைக் கோயம்புத்தூர் கடையில் பார்த்து வைத்தேன். கறுப்பாக, கனமாக, லைட் எதுவும் இல்லாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார்.

முதலாளியின் மகளைக் கட்டியவர். உடுமலைப்பேட்டைக்காரர். தென்னந்தோப்பு உண்டு, காற்றாலை உண்டு, பொழுதுபோகாத நேரத்துக்கு கம்ப்யூட்டர் கேம் உண்டு. ஆள் நல்லவர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் எங்கள் பக்கம் மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு பேசுகிற வழக்கமில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று மாப்பிள்ளை சொன்னால் பந்தியில் எல்லார் இலைக்கும் உப்பு வரும்.

"ஏனுங்க அம்மிணி," என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "காத்து வெச்சுக் குளிர வெக்கறது ஒசத்திங்களா, தண்ணி வெச்சுக் குளிர வெக்கறதுங்களா?"

"எடத்தைப் பொறுத்ததுங்க. நம்ம எடத்துக்கு..."

"மாப்பிள்ளை தண்ணிங்கறாரு."

"காரே தண்ணியிலதானுங்க மாமா குளிருது" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி என்னைப் பார்த்தார். காருக்கு முன்னால் நான் என்ன பேச முடியும்.

"அப்பத் தண்ணியே வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

மாப்பிள்ளையே கோயம்புத்தூர் கடையிலிருந்து தண்ணீர் கூலர் வாங்கிவந்தார். அதே பெட்டியில் எனக்குப் பிடித்த அந்தக் கறுப்பு கூலரையும் வைத்து அனுப்பும்படி கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன், வேண்டாமென்றால் திருப்பிவிடுவதாக ஏற்பாடு. இது ஒன்றும் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. நம் தொழிலில் பையருக்கு ஒரு சாம்பிள் போனால் அதேபோல் ஒன்றைக் கம்பெனியில் வைத்துக்கொள்வோம், கவுண்ட்டர் சாம்பிள் என்று. அந்தப் பழக்கம் கூலர் வரைக்கும் வந்துவிட்டது. அதை அலமாரியில் பூட்டி வைத்தேன்.

தண்ணீர் கூலரை மாப்பிள்ளையே மாட்டினார். கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கேபினெட், உள்ளே நீல வெளிச்சம், வெளிச்சத்தில் தெரிகிற குழாய்கள். கூலரின் தலையில் ஒரு சின்னத் திரை, அதில் சூடு எவ்வளவு என்று நம்பர். முதலாளியம்மா வந்து கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். கூலர் பார்க்க வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள். நம்பர் இறங்க இறங்க முதலாளியின் முகம் மலர்ந்தது. ஜெபா மட்டும், "நிறைய சட்டையப் போட்டு ஓட்டிப் பாத்துரலாமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் யாருக்கும் அது நல்ல வார்த்தையாகப் படவில்லை.

பையருக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு மதியத்துக்கு மேல். காலையில் ஜெபா சட்டைகளின் முழுத் தொகுப்பையும் போட்டு ஒத்திகை பார்த்தாள். ஒரு டீ குடிக்கிற நேரம் சட்டைகள் அழகாகச் சுற்றின. பிறகு திரை கறுத்தது. மறுபடி போட்டாள். மறுபடி கறுத்தது.

"அக்கா, திரும்பவும் போயிட்டு" என்றாள்.

முதலாளி வந்தார். மாப்பிள்ளையும் கூடவே வந்தார். இருவரும் கூலரின் தலையிலிருந்த நம்பரைக் குனிந்து பார்த்தார்கள். நம்பர் குறைவாகத்தான் இருந்தது.

"கூலரு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் முதலாளி. "அப்ப ஓட்டறவங்ககிட்டத்தான் ஏதோ கோளாறு. இந்தப் புள்ள வந்ததுல இருந்து மிஷினு இப்படியேதானுங்க நின்னு நின்னு போவுது. மதியத்துக்கு மேல பையர் பாக்கறப்பவும் நின்னுச்சுன்னா ரூமைப் பூட்டிருங்க அம்மிணி. அது செக்கிங்குக்கே போவட்டும்."

ஜெபாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட இல்லை. மாப்பிள்ளை செல்போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவினாசியில் ஒரு கல்யாணச் சாப்பாடு இருந்தது. இருவரும் கிளம்பிப் போனார்கள்.

கார் போன சத்தம் கேட்டபின்தான் ஜெபா பேசினாள்.

"நான் என்னத்தக்கா செஞ்சேன்? சட்டையத் திருப்பத்தான செஞ்சேன்."

"நீ ஒண்ணும் செய்யலை கண்ணு."

"செக்கிங் டேபிள் எனக்கு ஒண்ணும் கேவலமில்லக்கா. அங்கருந்துதான வந்தேன். ஆனா மிஷினக் கெடுத்துட்டு வந்தவன்னு பேர வாங்கிக்கிட்டு அங்க போய் நிக்க முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் பாதி முதலாளி மேல், பாதி தண்ணீரில் குளிர்கிற அந்தக் கார் மேல். கோபத்தோடு ஸ்க்ரூ டிரைவர் எடுத்தால் திருகு தேயும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். நெருக்கடியில் ஆட்கள் செய்கிற வேலை எனக்குத் தெரியும். ஒருவர் சாஃப்ட்வேரை மாற்றச் சொல்வார், ஒருவர் கரண்ட்டைக் குறை சொல்வார், ஒருவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். யாரும் அந்த நம்பரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, ஜெபாவைச் சட்டையைச் சுற்றவிடச் சொல்லி, கார்டின் பின்பக்கம் கையைக் கொண்டுபோனேன். நடுவில் சூடே இல்லை. ஓரத்தில் கை வைக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்தால், கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மணம் வருமே, அது வந்தது.

நம்பர் பொய் சொல்லவில்லை, பாவம். அது நடுவில் இருக்கும் பெரிய சில்லின் சூட்டைச் சொல்வதற்கென்று வைத்தது. தண்ணீர் குழாய் அதற்கு மட்டும் குளிர்ச்சி கொடுத்தது. பழைய ஃபேன் இருந்தவரை ஓரத்துச் சில்லுகளுக்கும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அவற்றை யாரும் கேட்பாரில்லாமல் விட்டுவிட்டோம். வீட்டுத் தலைவருக்கு மட்டும் ஏசி போட்டுவிட்டு, மற்றவர்கள் ஏன் வேர்க்கிறார்கள் என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு, அப்படி.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற முதலாளிக்குப் போன் போட்டு, பக்கத்து இலையில் சாப்பிடுகிற உங்கள் மாப்பிள்ளை வாங்கிவந்தது இந்த வேலைக்கு ஆகாது என்று சொல்லலாம். அவர் நம்புவதற்குள் பையர் வேறு ஊருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அலமாரியைத் திறக்கலாம். அலமாரியைத் திறந்தேன்.

கறுப்பு கூலரைப் போட்டோம். சின்னச் சில்லுகளுக்கு அதனுடன் வந்த குட்டித் தகடுகளை ஜெபா ஒட்டினாள், பட்டன் வைக்கிற கவனத்தோடு. தண்ணீர் கூலரை என்ன செய்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை. அதைக் காணவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு அவமானம், மாமனாருக்கு அதைவிட. அதனால் அதை அதே கேபினெட்டுக்குள் மேல் மூலையில் கட்டிவைத்தேன், பார்த்தால் எல்லாம் அதுவே செய்வதுபோல. தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கவில்லை. நீல லைட்டுக்கும் நம்பர் திரைக்கும் மட்டும் கொடுத்து, மேசைக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தேன். கல்யாண வீட்டில் சும்மா உட்கார வைத்து மரியாதை செய்கிற பெரிய மனிதரைப் போல அது ஜொலித்துக்கொண்டு உட்கார்ந்தது.

அன்று மதியத்துக்கு மேல் பையர் முழுத் தொகுப்பையும் பார்த்தார். கழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், நிறத்தை மாற்றச் சொன்னார், ஜெபா மாற்ற மாற்றச் சட்டை நிற்காமல் சுற்றியது. சரி என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்திருந்த முதலாளி எழுந்து நின்றார். ஜெபாவைத் தாண்டிப் போய் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"காலைல நின்னுச்சு, மதியம் ஓடுது பாருங்க. தண்ணி செட்டாவறதுக்குக் கொஞ்ச நேரம் ஆவுமாட்ட இருக்குதுங்க."

மாப்பிள்ளை கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாங்க மாமா" என்றார்.

ரூம் பூட்டப்படவில்லை. ஜெபாவின் நாற்காலி ஜெபாவுக்கே இருந்தது. காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்துவிட்டதாக நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். என் கை முதுகுக்கு நன்றாக எட்டும்.

அதற்குப் பிறகு கம்பெனிக்கு யார் வந்தாலும் முதலாளி மாடிக்குக் கூட்டிவருவார். நீல வெளிச்சத்தைக் காட்டுவார். "இந்தப் புள்ள ஓட்டி மிஷினையே நிறுத்திப்போட்டுதுங்க. எங்க மாப்பிள்ளைதான் காப்பாத்துனாரு" என்பார். பெருமையோடு சொல்வார், கெட்ட எண்ணம் கிடையாது. ஜெபா சிரித்துக்கொண்டே சட்டையைச் சுற்றவிடுவாள். கேன்டீனில் செக்கிங்காரர்கள் அவளைப் பார்த்து, "மாப்பிள்ளை இல்லைன்னா நீ எங்ககூடத்தான் இருந்திருப்ப" என்பார்கள். இதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாற்காலி பிழைத்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான் இல்லை.

பிறகு ஒரு நாள், வேலை பெருகியதால் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்க முடிவானது. 3டி ரூமில் முதலாளி, மாப்பிள்ளை, நான், ஜெபா, நான்கு பேர் மட்டும்.

"கூலரு அதேதானுங்க" என்றார் முதலாளி. "அனுபவப்பட்டதையே வாங்கிப்போடலாம். போன தடவை இந்தப் புள்ள கெடுத்தப்ப அதுதானுங்க நம்மளக் காப்பாத்துச்சு."

நான் நாகரிகமாக ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லலாமா, கடைக்காரர் ஊரில் இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஜெபா மேசைக்கு அடியில் கையை விட்டு சுவிட்ச்சை அணைத்தாள்.

நீல வெளிச்சம் போனது. நம்பர் போனது. குழாய்கள் இருட்டில் மறைந்தன.

"என்ன கண்ணு இது, ஆஃப் பண்ணிப்போட்ட. சூடாயிருமல்ல" என்று முதலாளி பதறினார்.

திரையில் சட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. கழுத்து வந்தது, முதுகு வந்தது, மறுபடி கழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது, மெதுவாக, சீராக. அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து கறுப்பு கூலரைக் காட்டினாள்.

"பையர் பாத்த அன்னைக்கே இதத்தான் போட்டோம் முதலாளி. அது வெறும் வெளக்கு. மிஷின் நின்னது அந்தக் கூலராலதான், என்னால இல்ல."

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கையில் அப்போது செல்போன் இல்லை.

"தெரியுமுங்க மாமா" என்றார். "அன்னைக்கே பம்ப்பு சத்தம் கேக்கலைங்க. நீங்க அத்தனை சந்தோசமா இருந்தீங்க, உட்டுப்போட்டேன். இந்தப் புள்ள மேல தப்பில்லைங்க."

இத்தனை நாள் அவருக்காக நான் நடத்திய நாடகத்தை அவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் மாமனாருக்காக நடித்திருக்கிறார், நான் அவருக்காக நடித்திருக்கிறேன். எல்லாருடைய மரியாதையும் பத்திரமாக இருந்தது, ஜெபாவுடையதைத் தவிர.

முதலாளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த இருண்ட கண்ணாடியைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் ஒரு புள்ளியாக இருந்தது.

"அப்ப அன்னைக்குக் கெடுத்தது நீயில்லையா கண்ணு?"

"இல்ல முதலாளி."

"ரெண்டாவது மிஷினுக்கு எந்தக் கூலருன்னு இந்தப் புள்ளையே சொல்லட்டுமுங்க" என்று என்னிடம் சொன்னார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஆனா அந்த லைட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. அது பாட்டுக்கு எரிஞ்சா ஒண்ணும் தப்பில்லையே?"

நான் ஜெபாவைப் பார்த்தேன். இந்தத் தடவை அவளுக்காக நான் பதில் சொல்லவில்லை.

"ஒரு தப்பும் இல்ல முதலாளி" என்றாள். "மிஷினக் கெடுத்தது நான் இல்லன்னு கீழ செக்கிங்ல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. வந்ததும் போட்டுருதேன்."

முதலாளி படியிறங்கினார். மாப்பிள்ளையும் பின்னாலேயே இறங்கினார். அவர்கள் திரும்பி மேலே வருகிற வரை ஜெபா அந்த சுவிட்ச்சைத் தொடவில்லை.